பெட்ரோல் டியூபும் என் வாயும்



இந்தப் பதிவை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. "இதைச் செய்யாதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லும் டாக்டர், தானே போய் அதைச் செய்த கதை இது. ஆனாலும் எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் ஒரு பழைய பைக் நிற்கும்.

எங்கள் வீட்டில் நிற்பது அப்பாவின் பைக். 2008இல் வாங்கியது. நூறு சிசி, கார்புரேட்டர் வண்டி. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. விற்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து, தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிறுத்துவேன்.

சில வாரமாக போர்ட்டிகோவில் பெட்ரோல் வாசம். குனிந்து பார்த்தால், டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் டியூபில் வெடிப்பு. பொட்டுப் பொட்டாகச் சொட்டுகிறது. ரப்பர் இறுகிப்போய், விரல் பட்டாலே பிளக்கிறது.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். "அப்பா இதையெல்லாம் வீட்டிலேயே செய்வாரே, நம்மால முடியாதா" என்று ஒரு வீம்பு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது டியூபும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்து, ஞாயிறு மாலை உட்கார்ந்துவிட்டேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆறாம் வகுப்பு படிக்கும் மகள்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முதலில் பெட்ரோல் டேப்பை ஆஃப் செய்தேன். சீட்டைக் கழற்றி, டேங்கின் பின்பக்க போல்ட்டை எடுத்தேன். டியூபின் கிளிப்பைக் குறடால் அழுத்தி நகர்த்தி, டியூபை இழுக்காமல் முறுக்கி முறுக்கி உருவினேன். பெட்ரோல் மீட்டருக்குப் போகும் வயரின் சாக்கெட்டைப் பிரித்தேன். டேங்கின் பின்பக்கத்தைத் தூக்கிப் பின்னால் இழுத்ததும், முன்பக்க ரப்பரிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. பழைய சேலையை மடித்து அதன் மேல் வைத்தேன். டியூபில் மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு மக்கில் பிடித்தேன்.

டேங்கின் அடியையும் பிரேமையும் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். புது டியூபைப் போட்டு டேப்பை ஆன் செய்தால், ஒரு சொட்டு வரவில்லை. ரிசர்வில் வைத்தேன். அப்போதும் இல்லை. எங்கேயோ அடைப்பு.

அந்த நேரம் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை. டியூபின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன்.

அடைப்பு விலகியது. பெட்ரோல் வந்தது. நேராக என் தொண்டைக்கு.

அடுத்த நொடி இருமல். நிற்காத இருமல். கண்ணில் தண்ணீர், மூக்கெல்லாம் எரிச்சல். கை தட்டி மக் கவிழ்ந்தது. டியூபிலிருந்து பெட்ரோல் தரையில் ஓடுகிறது.

அப்போது மணி ஆறு. சத்தம் கேட்டு அம்மா வெளியே வருகிறார். கையில் வாசலில் வைக்க ஏற்றிய அகல் விளக்கு!

எனக்குப் பேச்சு வரவில்லை. கையை ஆட்டுகிறேன், அம்மாவுக்குப் புரியவில்லை. மகள்தான் கத்தினாள்: "பாட்டி வராதீங்க! விளக்கு! உள்ளே போங்க!"

அம்மா வாசற்படியிலேயே நின்று, திரும்பி உள்ளே போய்விட்டார். டேப்பை ஆஃப் செய்ததும் மகள்தான். அந்த நாலு அடி தூரத்தை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஏன் என்று சொல்கிறேன். தீப்பிடிப்பது பெட்ரோலின் ஆவி. குளிர்பெட்டியின் ஃப்ரீசரை விடக் குளிரான இடத்தில்கூட, பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவியாகும். அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே கலைந்து போகாது. தரையோடு தவழ்ந்து போகும். நாம் பெட்ரோலை ஒரு மூலையில் பார்த்துக்கொண்டிருப்போம். நெருப்பு இன்னொரு மூலையில் பற்றும்.

விளக்கை வைத்துவிட்டு அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர். "குடிச்சிட்டு வாந்தி எடுத்துடுப்பா, எல்லாம் வெளியே வந்துரும்."

அம்மாவின் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்தப் பதிவின் முக்கியமான விஷயமே இதுதான்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் குடித்தவரை ஒருபோதும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஒரு மடக்கு பெட்ரோல் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் பெரிய சேதம் செய்வதில்லை. அதே பெட்ரோல் நுரையீரலுக்குள் ஒரு மில்லி போனாலே ஆபத்து. தண்ணீரை விட நீர்த்துப்போன திரவம் அது. சட்டென்று மூச்சுக்குழாயில் பரவிவிடும். நம் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே சர்ஃபாக்டன்ட் என்ற படலம் இருக்கிறது. பெட்ரோல் அதைக் கரைத்துவிடுகிறது. காற்றுப்பைகள் சுருங்கும், வீங்கும், நீர் கோர்க்கும். கெமிக்கல் நிமோனியா. வாந்தி எடுக்கும்போது, வயிற்றில் சும்மா இருந்த பெட்ரோல் தொண்டை வரை வந்து நுரையீரலுக்குள் போக இன்னொரு வாய்ப்பை நாமே உண்டாக்கித் தருகிறோம்.

நான் மேற்படிப்பு படித்த காலத்தில், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒரு தம்பியை அழைத்து வந்தார்கள். வயது பத்தொன்பது. டியூபில் வாய் வைத்து உறிஞ்சியவன். வந்தபோது லேசான இருமல்தான். கடையில் நல்ல மனதோடு உப்புத் தண்ணீர் கொடுத்து மூன்று முறை வாந்தி எடுக்க வைத்திருந்தார்கள். அன்று இரவே மூச்சுத் திணறல். மறுநாள் வென்டிலேட்டர். பதினோரு நாள் கழித்துத்தான் சொந்தமாக மூச்சு விட்டான். பிழைத்தான். வெளியே அவன் அம்மா உட்கார்ந்திருந்த இடம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதை நேரில் பார்த்தவன்தான் நானும் வாயில் வைத்தேன். பழக்கம் அப்படி.

அன்று வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். பெட்ரோல் பட்ட சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவினேன். மனைவி கார் ஓட்ட, மருத்துவமனைக்குப் போனோம். டூட்டியில் இருந்த ஜூனியர் டாக்டர், "சார், நீங்களா?" என்றார். பதில் சொல்ல முடியாமல் இருமினேன்.

ஆக்சிஜன் அளவு, எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் கண்காணிப்பில் வைத்தார்கள். முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மாற்றம் தெரியலாம் என்பதால் இந்தக் காத்திருப்பு. இருமல் அடங்கியது. காய்ச்சல் வரவில்லை. அதிர்ஷ்டம்.

"அந்தக் காலத்துல எத்தனை பேர் உறிஞ்சினாங்க, என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அம்மா மெல்லச் சொன்னார்: "உங்கப்பா ஒரு தடவை இப்படிப் பண்ணிட்டு ஒரு வாரம் இருமிக்கிட்டே கிடந்தார். பிள்ளைங்ககிட்ட சொல்லாதேன்னுட்டார்."

சரி, வீட்டில் இந்த வேலையைச் செய்வதாக இருந்தால்:

1. காற்றோட்டமான திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், ஆறிய இன்ஜினில் மட்டும். விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு, சிகரெட் அருகில் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் உலர் மணல் ஒரு வாளி இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

2. எரிபொருளுக்கென்றே விற்கும் டியூபை, அதே அளவில் வாங்குங்கள். தண்ணீர் டியூப் பெட்ரோலில் இறுகி வெடித்துவிடும்.

3. டியூபைக் கடைசி வரை தள்ளி, குழாயின் புடைப்பைத் தாண்டி கிளிப்பைப் போடுங்கள். மடிப்பு விழக் கூடாது. டேப்பைத் திறந்து பத்து நிமிடம் கசிவு பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

4. பெட்ரோல் வரவில்லையா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் வராது. அப்போதும் வரவில்லை என்றால் கைப்பம்ப் வாங்குங்கள், அல்லது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாய் வேண்டாம்.

5. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் நீங்களே தொடாதீர்கள். அதன் டியூபில் பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும். பிரித்தால் பீய்ச்சி அடிக்கும்.

6. வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடிப்பது குழந்தையாகத்தான் இருக்கும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். நனைந்த துணியைக் கழற்றுங்கள். இருமல் லேசாக இருந்தாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கைப்பம்பால் டேங்கை வடித்து, பெட்ரோல் டேப்பைக் கழற்றினார். அதன் சின்ன வலையில் துருவும் கசடும் அடைத்திருந்தது. கால் மணி நேர வேலை.

அப்பாவின் பைக் ஓடுகிறது. ஆனால் டூல் பாக்ஸ் சாவி இப்போது மகளிடம்.

தேவைப்படும் ஒருவருக்கு இது போய்ச் சேரட்டும். பகிருங்கள்.