வாசலிலிருந்து வாசல் வரை

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து சென்னைக்கு வான்வழியே சுமார் 2,630 கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். மலேசியாவின் ரவாங்கிலிருந்து தமிழ்நாட்டிலுள்ள ஊருக்குப் போக நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். எண்களில் பிழையில்லை. ஆனால் அவை அளப்பது இரண்டு ஓடுபாதைகளின் இடைவெளியை. ஒரு குடும்பத்துக்கும் அதன் ஊருக்கும் உள்ள தூரத்தை அல்ல. பயணச்சீட்டைப் பார்த்தால் இன்னும் குழப்பம். இரவு 10 மணிக்குப் புறப்பட்டால் 11.30க்குச் சென்னை, திரும்பும்போது ஆறரை மணி நேரம்போலத் தெரியும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதிலிருந்து இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி வித்தியாசம். அதைச் சரிசெய்தால் இருபக்கமும் அதே நான்கு மணிதான்.

தரைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 1998இல் விமான நிலையம் சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்கு மாறியபோது சென்னைக்குப் பறக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை. ரவாங்வாசிக்கோ சாலைத் தூரம் இரண்டு மடங்கையும் தாண்டி, 80 கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. ரயிலில் போனாலும் இதே கதைதான். பிரிக்ஃபீல்ட்ஸிலுள்ள கேஎல் சென்ட்ரலிலிருந்து 57 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமான நிலையத்தை விரைவு ரயில் அரை மணியில் தொடுகிறது. அதைவிடக் குறைந்த தூரத்திலிருக்கும் ரவாங்கிலிருந்து கேஎல் சென்ட்ரலை அடைய கொமுட்டர் ரயிலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. இதற்கு மேல் மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். வானத்தில் கழியும் நேரத்துக்கு ஈடான நேரம், விமானம் ஏறுமுன்பே கழிந்துவிடுகிறது.

மறுமுனையிலும் வரைபடம் நம்மை ஏமாற்றும். கேஎல்ஐஏவிலிருந்து திருச்சி, சென்னையைவிடச் சுமார் 60 கிலோமீட்டர் அதிகத் தூரம். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரருக்குத் திருச்சியில் இறங்கினால் சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைப் பயணம் மிச்சமாகிறது. வானில் தள்ளியிருப்பது வாழ்க்கையில் பக்கமாகிவிடுகிறது.

ஊரிலிருந்து இங்கு வர 'ரஜுலா' கப்பலில் ஒரு வாரம் கடலில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சில மணி நேரத்துக்குக் குறைப்படலாமா என்று கேட்கலாம். கடல் தூரத்தை விமானம் சுருக்கியது பெரும் பேறுதான். அதை மறுக்க முடியாது. ஆனால் அன்று ஒருவர் இறந்தால் இங்கிருந்து போய் முகம் பார்ப்போம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்று நள்ளிரவில் "பெரியப்பா தவறிவிட்டார்" என்று செய்தி வந்தால், அடுத்த கேள்வி "எப்போது எடுக்கிறீர்கள்?" என்பதுதான். அந்த நேரத்தில் நான்கு மணி என்ற எண் உதவாது. அடுத்த விமானம் எப்போது, அதைப் பிடிக்க வண்டி உண்டா என்பதே பேச்சு. ஆளுக்கு ஆள் வீடு வேறு, அதனால் நிலையத்துக்கு நிலையம் அளப்பதே பொது அளவு என்ற வாதமும் உண்டு. விமானக் கம்பெனிக்கு அது சரியான அளவு. பயணிக்கும், ரயில் அட்டவணை போடுபவருக்கும் அது போதாது. நள்ளிரவு தாண்டி வந்திறங்கும் விமானங்கள் உண்டு. அந்நேரத்தில் ரவாங்குக்குக் கொமுட்டர் கிடையாது. ஊரை நமக்கு இன்னும் பக்கமாக்க விமானத்தின் வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. அந்த வேளையில் ஒரு ரயில் ஓடினால் போதும்.