கிரான் மரத்தின் ஞாபகம்

ஹவுகெட்டோவில் இருக்கிறவர்களுக்குக் கிரான் மரத்தை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுற்றியுள்ள காட்டில் நிற்பதும் அதுதான், டிசம்பரில் வீட்டுக்குள் வருவதும் அதுதான். ஆனால் அதற்கு ஒரு ஞாபகசக்தி இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

கிரானுக்கு வருடா வருடம் ஒரு சோதனை. குளிர் வருமுன் வளர்ச்சியை நிறுத்தி, நுனியில் மொட்டை மூட வேண்டும். பிந்தினால் முதல் உறைபனி இளந்தளிரைக் கருக்கிவிடும். முந்தினால் வளரும் நாட்கள் வீண். வடக்கு மரங்கள் முந்தி நிறுத்தும், தெற்கு மரங்கள் பிந்தி நிறுத்தும். எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

வடநோர்வே மரங்களை ஒட்டுக்கன்றுகளாகத் தெற்கே லிங்டாலில் விதைக்காக வளர்த்தார்கள். அந்த விதைகளில் முளைத்த கன்றுகள் பெற்றோரைப்போல முந்தி நிறுத்தவில்லை. தெற்கத்தி மரங்களைப்போலப் பிந்தின. 1980களில் இதைக் கவனித்தவர்களில் ஒருவர் ஓய்ஸ்டைன் யோன்சென். 2008இல் அவரும் ஹரால்ட் க்வோலனும், மரபணுவில் வித்தியாசமே இல்லாத கருக்களை ஆய்வகத்தில் 18, 23, 28 பாகை வெப்பத்தில் வளர்த்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். சூட்டில் உருவான கன்றுகள் பிந்தி மொட்டு வைத்தன. வித்தியாசம், 4 முதல் 6 அகலக்கோடு தள்ளி வளரும் மரங்களுக்கு இடையில் இருக்கும் அளவு!

மரபணுவின் எழுத்து மாறவில்லை. எந்த எழுத்தை வாசிப்பது, எதை விடுவது என்பதுதான் மாறியது. இதற்குப் பெயர் எபிஜெனெடிக்ஸ். டி.என்.ஏ.யில் ஒட்டும் மெத்தில் குறிகள் அதன் ஒரு வழி. பாதாம் மரத்தில் மொட்டுகள் விரியாமல் போகும் ஒரு கோளாறையும் இந்தக் குறிகளோடு தொடர்புபடுத்தி ஆராய்கிறார்கள்.

இதையெல்லாம் நான் தேடி வாசித்ததற்குக் காரணம் என் தங்கச்சி. பெற்றோரின் போர்ப் பயம் பிள்ளைகளின் டி.என்.ஏ.யில் இருக்கிறது என்று ஒரு காணொளி அவளுக்கு வந்திருந்தது. "அப்ப எனக்குள்ளயும் அது எழுதியிருக்கோ அக்கா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

நான் சொன்னது இதுதான். கிரான் விதை ஞாபகம் வைத்திருப்பது தாய்மரத்தின் துன்பத்தை அல்ல, தான் உருவானபோது இருந்த வெப்பத்தை. மனிதரிலோ, கரு உருவாகும் தொடக்கத்தில் பழைய மெத்தில் குறிகளில் பெரும்பகுதி அழிந்து புதிதாக எழுதப்படுகிறது. போரின் வலி அந்த வழியாகப் பிள்ளைக்கு வருகிறது என்று இன்னும் யாரும் உறுதியாக நிறுவவில்லை.

ஆனால் வருடப் பிறப்பு இரவில் வெடி வெடிக்கும்போது அம்மா யன்னலை விட்டு விலகி நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறோம். அம்மாவின் பயம் எங்களிடம் வந்தது கண்ணாலும் காதாலும். அப்படி வந்ததைப் பற்றிக் கேட்கலாம், பேசலாம்.

அன்றிரவே தங்கச்சி கேட்டாள். பங்கருக்குள் இருந்த நாட்களைப் பற்றி அம்மா ஒரு மணித்தியாலம் கதைத்தா. நடுவில் இரண்டு முறை சிரித்தா, ஒரு முறை எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. முடிவில், "இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?" என்றா.