கல்லுக்கு ஒரு குடம்

அறுபது வயதுக்கு மேல் மனிதனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கத்தான் செய்யும். சிலருக்கு க்ஷேத்திராடனம், சிலருக்கு ரோஜாச் செடி. எனக்குப் பிடித்தது கல்.

கோவில்பட்டிக்காரனுக்குக் கல் புதிதல்ல. கரிசல் காட்டு ஓடைகளில் வெங்கச்சங்கல் வேண்டிய மட்டும் கிடக்கும். பள்ளிக்கூடம் போகிற வயசில் இரண்டு கல்லைப் பொறுக்கி வந்து இருட்டு மூலையில் உட்கார்ந்து உரசுவோம். பொறி பறக்கும்; கருகின வாடை வரும். அதற்கப்புறம் நான் அந்தக் கல்லை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. சென்ற வருஷம் புனேயில் ஒரு நண்பர் வீட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில், நெய் தடவினாற்போலப் பளபளத்த கற்களைப் பார்த்தபோதுதான் பழைய ஞாபகம் வந்தது.

“ஒரு சின்ன யந்திரம் இருந்தால் போதும். மீதியைக் கல்லே பார்த்துக்கொள்ளும்” என்றார் நண்பர். வாங்கி வந்துவிட்டேன்.

யந்திரம் என்பது ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு ரப்பர் உருளைதான். இரண்டு தண்டுகளின் மேல் அதைப் படுக்கவைத்தால் ஒரு சிறு மோட்டார் உருட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே முக்கால் பாகம் கல். கல் மூழ்கியும் மூழ்காமலும் தண்ணீர். அதோடு இரண்டு மூன்று கரண்டி கார்போரண்டம் பொடி. 1891-ல் அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் போய், வைரத்துக்குப் பதிலாகக் கண்டெடுத்த பொருள் அது. முதல் வாரம் ரவை மாதிரிப் பொடி; அடுத்த வாரம் அதைவிட நைஸ்; மூன்றாவது வாரம் மாவு; நாலாவது வாரம் மெருகுப் பொடி. இரவு பகல் ஒரு மாதம் ஓடினால்தான் கல் கண்ணைத் திறக்கும்.

இதை ஒரு புது வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். குஜராத்தில் காம்பத் என்ற ஊரில் கல்மணி செய்கிறவர்கள், மணிகளையும் குருந்தக்கல் பொடியையும் தண்ணீரோடு தோல் பையில் போட்டுக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றினார்கள். அந்த இரண்டு பேருக்குப் பதிலாக இப்போது ஒரு மோட்டார். அவ்வளவுதான்.

யந்திரம் வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது?

“கழுகுமலையில் ஒரு பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயிலாக்கினார்கள். நான் ஒரு ஜாடியைத்தானே உருட்டப் போகிறேன்!” என்றேன் மனைவியிடம்.

“அதை அவங்க அடுக்களைக்குப் பக்கத்திலே வச்சுச் செய்யலியே” என்றாள்.

வராந்தாவில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அடுத்த வீட்டு ஆச்சி வந்து, “ஏய்யா, உங்க வீட்டிலே ராத்திரி பூரா யாரோ பல்லை நறநறன்னு கடிக்காவளே, பிள்ளைக்குப் பூச்சி மருந்து குடுக்கப்படாதா?” என்று கேட்டாள். வீட்டில் பிள்ளை என்று யாரும் இல்லை. அன்றைக்கே யந்திரத்தைக் கொல்லையில் பழைய மாட்டுத் தொழுவுக்குக் குடிமாற்றினேன்.

தொழுவில் தரை, வெறும் கரிசல். இந்த மண்ணின் குணம் எனக்குத் தெரியாததா? மழையில் பூரிக்கும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கை நுழைகிற வெடிப்பில் சின்ன வயசில் எத்தனை கோலிக்குண்டுகளைப் பறிகொடுத்திருக்கிறேன்! ஆனாலும் புத்தியில்லாமல் நாலு கால் நட்டு, மேலே ஒரு கல்பலகையைப் போட்டு யந்திரத்தை வைத்தேன். சித்திரை பிறந்தது. ஒரு கால் விரற்கடை இறங்கியது. உருளை ஒரு பக்கமாக நகர்ந்துபோய் முட்டிக்கொண்டு நின்றுவிட, பெல்ட் கருகிப்போயிற்று.

திறந்து பார்த்ததில் இன்னொரு தண்டனையும் காத்திருந்தது. வெங்கச்சங்கல்லோடு அழகாக இருக்கிறதே என்று சுக்கான் கல்லையும் போட்டிருந்தேன். சுக்கான் வெறும் சுண்ணாம்பு. நகத்தைவிடச் சற்றுத்தான் கெட்டி. வெங்கச்சங்கல்லோ கண்ணாடியைக் கீறும். உள்ளே சுக்கான் இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளைக் கூழ்தான் இருந்தது. ஒத்த கெட்டியுள்ள கற்களைத்தான் ஒன்றாகப் போட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மேடை கட்டக் கொத்தனாரை அழைத்தேன். அவர் கரிசலைச் சுக்கான் தட்டுகிற மட்டும் தோண்டி அள்ளிவிட்டு, சரளையைக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினார். கடைக்கால் வேலையைப் பாதிக்குமேல் தண்ணீரே செய்தது. இதற்குள் வீட்டில் தண்ணீர்ச் சண்டை முற்றிவிட்டது. சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரை நம்பியிருக்கிற ஊர் இது. உருளைக்குள் அரை லிட்டர்கூட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் பொடி மாற்றும்போது, பழைய பொடியில் ஒரு மணிகூட ஒட்டியிராமல் கல்லைக் கழுவ வேண்டும். இல்லையென்றால் மெருகில் கீறல் விழும்.

“குடிக்கத் தண்ணி எண்ணி எண்ணிப் பிடிக்கோம். கல்லைக் குளிப்பாட்ட வேற தண்ணியா?” என்றாள் மனைவி. என்ன பதில் சொல்வது?

ஆகவே சிக்கனம் செய்ய முனைந்தேன். பெரிய கற்களின் கூர்முனைகளை முன்கூட்டியே தேய்த்துவிட்டால் முதல் வார வேலை குறையும், தண்ணீரும் மிச்சம் என்று கணக்குப் போட்டு, டைல் அறுக்கிற கட்டிங் மெஷின் ஒன்று வாங்கி, தண்ணீரே இல்லாமல் தேய்க்க ஆரம்பித்தேன். தொழுவெங்கும் வெள்ளைப் புகை. வெளியே துளசிச் செடி நரைத்துப்போயிற்று.

மறுநாள் மேடைக்குப் பூச வந்த கொத்தனார் வாசலிலேயே நின்றார். உள்ளே வராமல் சுவிட்சை அணைத்தார். எனக்குக் கோபம் வந்தது.

“அண்ணாச்சி, தண்ணி இல்லாமக் கல்லைத் தேய்க்காதிய” என்றார். பிறகு, சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். வயசுக் காலத்தில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அவரும் அவர் மச்சானும் கல் அறுத்தார்களாம். தண்ணீர்க் குழாய் ஒரு நாள் இருக்கும், பத்து நாள் இராது. மச்சானுக்கு இருமல் வந்தது. காசநோய் என்று ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டார். காசநோய் இல்லை என்று தெரிந்தபோது, வாசல்படி ஏற மூச்சு இல்லை. முப்பத்தெட்டு வயசில் போய்விட்டார்.

“நான் நாலு வருஷத்திலே ஓடி வந்துட்டேன். அதுதான் இந்த மட்டுக்கும்” என்று சொல்லிவிட்டு இருமினார். எத்தனையோ நாளாகக் கேட்டிருந்த இருமல்தான் அது. பீடி இருமல் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். வெங்கச்சங்கல் முழுக்க முழுக்க சிலிகா. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, தழும்பாகிப் பஞ்சைக் கல்லாக்கிவிடுகிறது. ஆன தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. நான் மெச்சிக்கொண்டிருந்த காம்பத்திலேயே, சக்கரத்தில் கல்லை உலர்வாகத் தேய்த்தவர்கள் எத்தனையோ பேர் இந்த நோயில் மாய்ந்திருக்கிறார்கள். தோல் பைக்குள் இருந்த தண்ணீர் மெருகுக்கு மட்டும் என்று எண்ணியிருந்தேன். தூசியைப் பிடித்துவைக்கிற காவல்காரனும் அதுதான்.

உடனே வேறொரு பயம் பிடித்தது. உருளையிலிருந்து கொட்டிய கூழைச் சாக்கின் மேல் காயவைத்திருந்தேன். காய்ந்தால் அதுவும் அதே தூசிதான். தொழுவைத் தினமும் பெருக்கியவள் என் மனைவி.

“எப்படிப் பெருக்கினாய்?” என்று கேட்டேன். குரல் எனக்கே வேறாக ஒலித்தது.

“எப்படிப் பெருக்குவாக? தண்ணி தெளிச்சுத்தான்” என்றாள்.

அவள் தாயாரும் பாட்டியும் அப்படித்தான் பெருக்கினார்கள். தண்ணீருக்காக மூன்று மைல் நடந்த காலத்திலும் தெளிக்காமல் விளக்குமாற்றைத் தொட்டதில்லை. தண்ணீரை எங்கே மிச்சம் பிடிப்பது, எங்கே பிடிக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. புத்தகம் படித்தவனுக்குத்தான் ஒரு கொத்தனார் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது தொழுவில் மூன்று வாளிகள் வரிசையாக நிற்கின்றன. முதல் வாளியில் கழுவிய தண்ணீர் தெளிந்ததும் மேலாக இறுத்து அடுத்த கழுவலுக்கு வைத்துக்கொள்கிறேன். அடியில் தங்கிய வண்டலை ஈரத்தோடேயே குழியில் இட்டு மண்ணைத் தள்ளுகிறேன். சாக்கடையில் ஊற்றினால் சிமெண்டாக இறுகிவிடும். கட்டிங் மெஷினைக் கையால் தொடுவதில்லை. ஐப்பசி மழையில் சுற்றிலும் கரிசல் பூரித்துக் கிளம்பிற்று. கொத்தனாரின் மேடை அசையவில்லை.

முதலில் தேறிய கல்லை அவருக்கே கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வேட்டி முந்தியில் துடைத்தார். “இம்புட்டு அழகு இதுக்குள்ளேயா இருந்துச்சு!” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

குழாயில் தண்ணீர் வருகிற நாட்களில், எல்லாக் குடங்களும் நிறைந்த பிறகு, தொழு வாசலில் ஒரு குடம் வந்து உட்காருகிறது. யார் வைத்தது என்று நான் கேட்பதில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும், “கல்லு குளிச்சாச்சா?” என்று ஒரு கேள்வி அடுக்களையிலிருந்து வரும்.