ஒடிந்த மரையாணி

சிறியதொன்று பெரியதொன்றைத் தாங்கி நிற்குமாயின், அது தன் இடத்தினின்றும் பெயருங்காறும் அதன் அருமை நமக்குப் புலனாவதில்லை. தேருக்கு அச்சாணி எத்தன்மைத்தோ, காருக்கு மரையாணி அத்தன்மைத்து. போல்ட்டு என யாவரும் வழங்கும் அவ்வாணி ஒன்று, 34 ஆண்டு பிறர்க்குத் தமிழ் கற்பித்து ஓய்வுற்ற எனக்குக் கற்பித்த பாடத்தை அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

எம்மூர் நாகைக் கடற்கரைக்கு அணித்தாயது. என் மகனிடம் இருபதாண்டு கடந்த சிறிய கார் ஒன்று உண்டு. அதன் புகைக்குழாய் இயந்திரத்தின் தலைப்பகுதியோடு பொருந்துமிடத்தில் உள்ள கேஸ்கட் என்னும் இடைத்தகடு கெட்டு, வண்டி புறப்படுந்தோறும் படபடவென்னும் ஓசை எழுந்தது. மறுநாட் காலை திருக்கடவூரில் என் தம்பிக்கு அறுபதாம் ஆண்டு மணிவிழா. அதற்கு முன் புதிய தகட்டினை இட்டுவிடுவோம் என்று தந்தையும் மகனுமாக வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கினோம். ஆணிகள் ஆறனுள் ஐந்து இணங்கிக் கழன்றன; ஆறாவது அசைந்திலது.

“அப்பா, இது துருவேறி இறுகிவிட்டது. எண்ணெய் தெளித்து இரவு முழுதும் விட்டுவைப்போம், வலிந்து இழுக்க வேண்டா” என்று சொல்லி, மகன் எண்ணெய் வாங்கக் கடைக்குச் சென்றான். யானோ ஓர் ஆணிக்கா அஞ்சுவது என்று எண்ணி, ஸ்பேனரின் பிடியில் ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயைச் செருகி, இருகையாலும் பற்றி இழுத்தேன். ஆணி சற்றே இளகுவதுபோல் தோன்றிற்று. உள்ளம் மகிழ்ந்தது. மறுகணம் ‘டக்’ என்றோர் ஒலி. ஆணியின் தலை கீழே விழுந்து கிடந்தது. உடல் துளைக்குள்ளே தங்கிவிட்டது.

இளகியதாக யான் கருதியது இளக்கமன்று. எஃகு முறுக்குண்டு நெகிழ்ந்து ஒடிதற்கு முந்திய நிலையே அது. அத்தலையின்மீது 8.8 என்னும் எண் பொறித்திருந்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பிற்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்பதும், அதிற் பத்தில் எட்டுப் பங்காகிய 640 நியூட்டனை எய்தியவுடன் மீளாதபடி நீளத் தொடங்கும் என்பதும் அவ்வெண்ணின் பொருளாம். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள அத்தகைய ஆணியை முறைப்படி முடுக்குதற்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை அமையும். ஒரு மீட்டர்க் குழாயின் நுனியைப் பத்துக் கிலோ எடையளவு இழுத்தாலோ, அது நான்கு மடங்காகின்றது. இக்கணக்கினை யான் அறிந்தது ஆணி ஒடிந்த பின்னரே.

மகன் திரும்பி வந்தான், கண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் சினந்திருப்பின் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

மாலையில் அடுத்த தெரு மெக்கானிக் வந்தார். என் மகனினும் இளையவர். “ஐயா, இரும்பாணி அலுமினியத்தில் இருக்கிறது, உப்புக்காற்று வேறு. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்” என்றார். துரு, தான் தோன்றிய இரும்பினும் மிகுந்த இடம் கொள்வது. உப்பீரம் படுமாயின் அலுமினியமும் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். மயிரிழை போன்ற மரையிடுக்கில் இவை நிறைந்த பின் ஆணி எங்ஙனம் திரும்பும்? அவர் ஒடிந்த இடத்தில் எண்ணெய் விட்டார். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார். “நாளை மாலை வருகிறேன்” என்று சொல்லிப் போய்விட்டார். யாங்கள் பேருந்தில் திருக்கடவூர் சென்று மீண்டோம். என் விரைவினால் எய்திய பயன் இதுவே.

மறுநாள் மாலை யான் விளக்குப் பிடித்து நின்றேன். எண்ணெய் தீப்பற்றுமாதலின் அதனை முற்றும் துடைத்த பின்னரே, வெப்பக் காற்று வீசுங் கருவியால் ஆணியைச் சூழ்ந்த அலுமினியத்தை அவர் சூடேற்றினார். ஒத்த வெப்பத்தில் அலுமினியம் எஃகினும் ஏறக்குறைய இருமடங்கு விரிவதாகலின், துளை ஆணியை விடுத்து அகலும். பின்னர் ஆணியின் நட்ட நடுவிற் புள்ளியிட்டார். புள்ளி விலகினால், துரப்பணம் வலிய எஃகினின்றும் வழுக்கி மெல்லிய அலுமினியத்திற் பாய்ந்து மரையைக் கெடுக்குமாம். துளைத்த ஆணியைத் திருகி எடுக்கும் கருவியொன்றைக் கையிலெடுத்து மீண்டும் பையில் வைத்தார். “இது மிகக் கடினமான எஃகு, ஐயா. உள்ளே ஒடிந்தால் சாதாரண ட்ரில் எதுவும் அதில் ஏறாது” என்றார். அதன்பின் எடுத்தது இடம்புரித் துரப்பணம். வழக்கமான துரப்பணம் வலமாகச் சுழன்று ஆணியை மேலும் இறுக்கும். இதுவோ கழலுந் திசையிலேயே சுழல்வது. மெல்ல மெல்லத் துளைத்துக்கொண்டிருக்கையில், அலகினைப் பற்றியவாறே ஒடிந்த துண்டு தானே சுழன்று வெளிப்போந்தது. மரைக்கு ஊறில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யான் பணியேற்ற தொடக்கத்தில் என் வகுப்பில் ஒரு மாணாக்கன் இருந்தான். நன்னூற் சூத்திரம் ஒப்பிக்குங்கால் குறித்ததோரிடத்தில் நாள்தோறும் தடைப்பட்டு நிற்பான். அதனைப் பிடிவாதம் என்று துணிந்து, மூன்று நாள் அனைவர்முன்னும் அவனை நிறுத்தி உரத்த குரலில் வைதேன். மூன்றாம் நாள் அவன் விம்மாமல் தலை கவிழ்ந்தான். இணங்கினான் என்று மகிழ்ந்தேன். நான்காம் நாள் அவன் வரவில்லை; பின் எந்நாளும் வரவில்லை. ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்தான் எனப் பின்னர்க் கேள்வியுற்றேன். ஏன் அவ்விடத்திலேயே தடைப்பட்டான் என்று ஒருமுறையேனும் யான் அவனை வினவியதில்லை.

செம்பிற் களிம்புபோல் உயிரைப் பற்றிய மலம் பரிபாகமுற்றே நீங்கும் என்று எத்துணையோ முறை பாடஞ் சொல்லியிருக்கின்றேன். சொல்லிய வாயும் என்னுடையதே. குழாயைச் செருகி இழுத்த கையும் என்னுடையதே. ஒடிந்த ஆணியை எடுத்தற்கு வல்லுநர் ஒருவர் வந்தார். ஒடிந்த கல்வியை மீட்டற்கு யாரும் வந்திலர். ஆசிரியனாகிய யானே சென்றிருத்தல் வேண்டும். இன்று அவனுக்கு அகவை ஐம்பதை அணுகியிருக்கும். அவன் ஊர் எனக்குத் தெரியும். வருந் தை பிறந்தவுடன் சென்று, அவனைக் கண்டு, அன்று கேளாததை இன்றேனும் கேட்க எண்ணியிருக்கின்றேன்.

அன்பர்காள்! இறுகிய ஆணியைக் காணின் எண்ணெயிட்டு ஒருநாட் பொறுமின். தடைப்பட்டு நிற்கும் பிள்ளையைக் காணின் அருகிருத்தி முதற்கண் வினவுமின்.