தீக்குச்சியும் இணைகோடும்

கணக்கு நூலைத் தமிழாசிரியன் தொடலாகாது என்று எவ்விலக்கணமும் விதிக்கவில்லை. அந்நூலில் நான் கண்டு மகிழ்ந்த சொற்கள் இரண்டு: சாய்வு, வெட்டுத்துண்டு. கோடு எவ்வளவு சரிந்து ஏறுகிறது என்பதைச் சொல்வது சாய்வு. செங்குத்து அச்சை அது எவ்வுயரத்தில் வெட்டுகிறது என்பதைச் சொல்வது வெட்டுத்துண்டு. உங்கள் நூல் ஆங்கில எழுத்தால் எழுதும் சமன்பாட்டை நான் தமிழ் எழுத்தால் எழுதிக்கொள்வேன். கிடைத்தொலைவு க, உயரம் உ, சாய்வு ச, வெட்டுத்துண்டு வ எனின், உ = ச×க + வ.

சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் கையால் தீப்பெட்டி செய்யும் முறையில் ‘கட்டை அடுக்குதல்’ என்றொரு வேலை உண்டு. வரிசையாகப் பள்ளங்கள் வெட்டிய மெல்லிய மரச்சட்டத்தில், பள்ளத்திற்கு ஒன்றாகக் குச்சிகளை வைப்பர்; அதன்மேல் மற்றொரு சட்டம், மீண்டும் குச்சிகள். அடுக்கு நிறைந்ததும் இறுக்கி, குச்சிகளின் முனைகளை மெழுகிலும் பின்னர் மருந்திலும் முக்குவர். அருகருகே உள்ள இரு முனைகள் தொட்டுக்கொண்டால் மருந்து ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும், அக்குச்சிகள் வீண்.

மாணவர்களே, அச்சட்டத்தைச் செங்குத்து அச்சாகக் கொள்ளுங்கள். பள்ளத்தின் இடமே வெட்டுத்துண்டு. நேராக நீளும் குச்சிகளுக்குச் சாய்வு 0; ஆகவே உ = 2, உ = 3 என அவை தனித்தனியே செல்லும். இரண்டாம் பள்ளத்துக் குச்சி மட்டும் அரைச் சாய்வு சாய்ந்தால், உ = ½க + 2 ஆகிவிடும். க = 2 என்னுமிடத்தில் அதன் உயரம் 3; அங்கே அடுத்த குச்சியைத் தொட்டுவிடும். சாய்ந்த அக்குச்சிக்கு இணையாக (2, 6) என்னும் புள்ளி வழியே ஒரு கோடு வேண்டுமா? சாய்வை மாற்றாதீர்கள். 6 = ½×2 + வ; எனவே வ = 5. விடை, உ = ½க + 5. வெட்டுத்துண்டும் ஒன்றேயானால் இரு கோடுகள் இல்லை, ஒரே கோடுதான்.

இவ்வேலையை ஒரு காலத்தில் சிறுமியரும் சிறுவரும் திரளாகச் செய்தனர். சரிந்த குச்சியை அவர்தம் விரல் தானே அறிந்து நிமிர்த்தும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயது நிரம்பாதாரை அமர்த்தலாகாது என 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சிவகாசிச் சிறுவர் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தியவர் சிறுவர் ஒருவர்க்கு 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டுமென்றும், அச்சிறுவர் கல்வி பெற வழிசெய்ய வேண்டுமென்றும் ஆணையிட்டது.

கட்டை அடுக்கிய கையோடு பள்ளிக்கு வந்த சிலர் என் வகுப்பிலும் இருந்தனர். இணைகோடு இன்னதென்று அவர்கட்கு விளக்க நேரவில்லை, அதை எழுதும் முறையை மட்டுமே சொல்லித்தர வேண்டியிருந்தது என்று கணக்காசிரியர் என்னிடம் கூறினார்.