எந்தத் தெரு?

2020 ஜூலை 31. மாரிதாஸ் வீடியோ போட்டுக் குற்றஞ்சாட்டிய சில வாரங்களுக்குள், நியூஸ்18 தமிழ்நாட்டிலிருந்து குணசேகரன் விலகினார். விழுப்புரத்தில் தோழர்கள் கொதித்துப்போனோம். கண்டன அறிக்கை எழுதியவன் நான். இன்றைக்கும் அதில் ஒரு வரியை மாற்றமாட்டேன்.

திண்டிவனம் காலனியில் அத்தை விடாமல் 'காலத்தின் குரல்' பார்க்கும். போனில் சொன்னேன்.

"பாவம்டா, நல்லாப் பேசுவாரு. அவுருக்கு வேற டிவி கெடைக்கும். நம்ம பசங்க எவனாச்சும் அந்த நாக்காலில ஒக்காந்து எறங்கியிருக்கானா?"

அது சொன்னபடியே அவர் சன் நியூஸுக்குப் போனார். ஆங்கில, இந்தி ஊடகங்களில் எண்ணிப்பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லையென்று 2019இலேயே ஆக்ஸ்ஃபாம் ஆய்வு சொல்லியிருந்தது. எனக்கு ஆய்வு எதற்கு? எம்.ஏ. தமிழ் முடித்துச் செய்தி வாசிக்கப் போன இடத்தில் முதலில் உச்சரிப்பைப் பார்த்தார்கள், பிறகு ஊரில் எந்தத் தெரு என்றார்கள்.

அத்தையிடம் அன்றைக்கும் இதைச் சொல்லவில்லை.