மணிக்கு வைத்த சாம்பார்ச் சோறு

ஈஜிபுராவில் என் வாடகை அறையின் வாசலில் படுத்திருக்கும் தெருநாய்க்கு மணி என்று பெயர். கடைத் தீவனத்தைவிட வீட்டில் சமைத்த உணவே நலம் என்னும் நம்பிக்கையில், நாள்தோறும் சின்ன வெங்காயச் சாம்பார் பிசைந்த சோற்றை அதற்கு வைத்து வந்தேன். மூன்றாம் வாரம் அதன் ஈறு வெளுத்தது. எழுந்து நிற்கவும் வலுவில்லை. கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “வெங்காயம் கொடுத்தீர்களா?” வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அத்தன்மை மாறாது.

சோற்றின்மேல் குற்றமில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 படிகளே. நாய்க்கோ 4 முதல் 30 வரை உண்டென்று 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரோடு உண்டு வாழ்ந்ததன் தடம் அது. 2025 ஜூலையில் பெங்களூரு மாநகராட்சி தெருநாய்களுக்கென அறிவித்த உணவுத் திட்டத்திலும் 150 கிராம் கோழிக்கறியோடு 100 கிராம் சோறும் 100 கிராம் காய்கறியும் இடம்பெற்றிருந்தன.

மணி பிழைத்துக்கொண்டது. இப்போது அதற்கென்று தனியே சமைக்கிறேன்: உப்பில்லாச் சோறு, எலும்பு நீக்கிய கோழி, வெந்த பூசணி. ஆய்வேட்டில் ஒரு மேற்கோளைச் சேர்க்குமுன் மும்முறை சரிபார்க்கும் நான், ஒரு வாயில்லா உயிருக்குச் சோறு வைக்குமுன் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.